இரவுப்பணியில் பேஜரைக் கைவிட்டுச் செயலிக்கு மாறுவது பாதுகாப்பானதா?

கேள்வி: பொதுமருத்துவ ரெஜிஸ்ட்ரார் (சிறப்புப் பயிற்சியில் உள்ள மருத்துவர்), இங்கிலாந்து

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் பணிபுரிகிறேன். இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சிறிய அழைப்புக் கருவிகளான பேஜர்களுக்குப் பதிலாகக் கைப்பேசிச் செயலியைக் கொண்டுவருவது குறித்து ஆராயும் குழுவில், மருத்துவர்களின் சார்பாக என்னைச் சேர்த்திருக்கிறார்கள். 2021 முடிவதற்குள் என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) மருத்துவமனைகள் பேஜர்களைக் கைவிட வேண்டும் என்று அன்றைய சுகாதார அமைச்சர் மேட் ஹான்காக் 2019 பிப்ரவரியில் அறிவித்தது பலருக்கும் நினைவிருக்கும். அப்போது ஏறத்தாழ 1,30,000 பேஜர்கள் புழக்கத்தில் இருந்தன. அவற்றுக்கு ஆண்டுதோறும் 66 லட்சம் பவுண்டு செலவானது. அந்தக் கெடு கடந்து ஆண்டுகள் ஆகியும் எங்கள் இடுப்பில் அது ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இரவுப்பணியில் இதனால் படும் பாட்டை இங்குள்ள மருத்துவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செவிலியர் என் பேஜர் எண்ணையும் தம் வார்டுத் தொலைபேசி எண்ணையும் அழுத்திவிட்டுக் காத்திருப்பார். நான் நோயாளியை விட்டு வந்து, ஒரு தொலைபேசியைத் தேடிப் பிடித்து அழைக்கும்போது அந்த இணைப்பில் வேறு யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள், அல்லது என்னை அழைத்தவர் அடுத்த படுக்கைக்குப் போயிருப்பார். திரையில் தெரிவது சில இலக்கங்கள் மட்டுமே. பாரசிட்டமால் எழுதித் தரக் கேட்கிறார்களா, ஒருவருடைய இரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கிறதா என்பதை அந்த எண் சொல்லாது. இருந்தும் எங்கள் மூத்த சிறப்பு மருத்துவர்களான ஆலோசகர்கள் சிலர், பேஜர் ஒருநாளும் கைவிட்டதில்லை என்று உறுதியாக எதிர்க்கிறார்கள். அவர்கள் சொல்வதில் எவ்வளவு உண்மை இருக்கிறது?

பதில் 1: மருத்துவமனைத் தொலைத்தொடர்புப் பொறியாளர்

உங்கள் ஆலோசகர்கள் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதி எது என்பதைப் பிரித்துப் பார்த்துவிட்டால் உங்கள் குழுவின் வேலை எளிதாகிவிடும்.

மருத்துவமனைப் பேஜர் அமைப்பு பெரும்பாலும் வளாகத்துக்குள்ளேயே நிற்கும் ஒரு டிரான்ஸ்மிட்டரைக் கொண்டு இயங்குகிறது. அது கட்டடம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஒலிபரப்புகிறது. பேஜர் எங்கே இருக்கிறது என்று அது தேடுவதில்லை, அந்த நேரத்தில் எத்தனை பேர் வலையமைப்பைப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் அதற்குப் பொருட்டில்லை. செயலியின் செய்தியோ வைஃபை, மருத்துவமனையின் வலையமைப்பு, இணையம், நிறுவனத்தின் சர்வர், பிறகு ஆப்பிள் அல்லது கூகுளின் அறிவிப்புச் சேவை என்று பல கைகள் மாறி உங்கள் கைப்பேசிக்கு வருகிறது. இவற்றுள் ஒன்று அறுந்தாலும் செய்தி வராது. 2017 மே மாதம் கணினிகளை முடக்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் தாக்கியபோது இங்கிலாந்தின் பல மருத்துவமனைகள் தங்கள் கணினிகளை அணைத்து வைக்க நேர்ந்தது. அன்று இதயநிறுத்தக் குழுவை, அதாவது இதயம் நின்றுபோனவரைக் காக்க விரையும் குழுவை, அழைக்கும் வழியும் அந்தக் கணினி வலையமைப்பையே நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்கள் குழுவில் கேட்டுப் பாருங்கள்.

மறுபாதியைப் பார்த்தால், பேஜர் கைவிட்டதே இல்லை என்பதை எப்படி அறிந்தார்கள்? செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதை அனுப்பியவருக்குத் தெரிவிக்கும் வசதியே வழக்கமான ஒருவழிப் பேஜரில் கிடையாது. பேட்டரி தீர்ந்த பேஜரும், அறையில் மறந்து வைக்கப்பட்ட பேஜரும் எந்தப் பதிவையும் விட்டுவைப்பதில்லை. மேலும், பேஜர்கள் பரவலாகப் பயன்படுத்தும் போக்சாக் என்ற ஒலிபரப்பு முறையில் மறையாக்கம் இல்லை. மலிவான ரேடியோ ரிசீவரும் ஒரு கணினியும் இருந்தால் வெளியில் இருப்பவர்கூட எழுத்துச் செய்திகளைப் படித்துவிடலாம். ஆகவே நோயாளியின் தகவலைக் காக்கும் பெருமை பேஜருக்கு இல்லை.

மருத்துவமனையின் உள் அவசர எண்ணான 2222 வழியாக இதயநிறுத்தக் குழுவை அழைப்பது வேறு, வார்டிலிருந்து வரும் அன்றாட வேண்டுகோள் வேறு. முதலாவது எச்சரிக்கை மணி. அதற்கு ஒலிபரப்பே பொருத்தம். இரண்டாவது உரையாடல்; அதை உடனே செயலிக்கு மாற்றுங்கள். வைஃபை செயலிழக்கும் வேளைகளுக்காகச் சில பேஜர்களை வைத்துக்கொள்ள 2019 அறிவிப்பே இடம் கொடுத்திருந்தது.

பதில் 2: வார்டு பொறுப்புச் செவிலியர்

டாக்டர், பொறியாளர் ஐயா தொடாத ஒன்றை நான் சொல்ல விரும்புகிறேன். பேஜர் ஒரு மனிதருக்கு உரியதன்று, ஒரு பொறுப்புக்கு உரியது. இரவு ஒப்படைப்பின்போது அது ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும். அன்று யார் பணியில் இருக்கிறார் என்று தெரியாமலேயே நாங்கள் அழைக்க முடிவது அதனால்தான். எங்கள் மருத்துவமனையில் செயலி வந்த புதிதில், பணி முடித்துச் சென்ற மருத்துவர் தம் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள மறந்துவிட்டதால், வார்டிலிருந்து அனுப்பிய செய்திகள் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தவருக்குப் போயின. நீங்கள் வாங்கும் செயலியில், அடுத்தவர் பொறுப்பை ஏற்கும்வரை முன்னவர் விலக முடியாதபடி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இது இல்லாத செயலியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வெஸ்ட் சஃபோக் மருத்துவமனையின் 2017 முன்னோட்டத்தில் இளநிலை மருத்துவர்களுக்கு ஒரு பணிநேரத்தில் 48 நிமிடங்களும் செவிலியர்களுக்கு 21 நிமிடங்களும் மிச்சமானதாகச் சொல்லப்பட்டது. தொலைபேசியின் அருகில் நின்று காத்திருந்தவள் என்ற முறையில் அதை நம்புகிறேன். ஆனால் அனுப்புவது எளிதானதும் செய்திகளும் பெருகும், எல்லாவற்றிலும் 'அவசரம்' என்ற குறி ஏறும். எது அவசரம் என்பதை வார்டுகளோடு பேசி முன்கூட்டியே எழுதி வைக்காவிட்டால் அந்த 48 நிமிடங்களும் வந்த வழியே போய்விடும்.

பதில் 3: இதயநோய் மருத்துவர், தமிழ்நாடு

இந்தியாவில் பேஜர் சேவை 1995இல் தொடங்கிச் சில ஆண்டுகளிலேயே கைப்பேசியிடம் தோற்றுப்போனது. அதனால் எங்களில் பெரும்பாலோர் இண்டர்காமிலிருந்தும் ஒலிபெருக்கி அறிவிப்பிலிருந்தும் நேராக வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டோம். சிற்றூரிலிருந்து ஒரு ஈசிஜி படம் வந்து, நோயாளி வந்து சேர்வதற்குள் கேத் லேப் (இதய இரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் அறை) தயாராகிவிடுவது சாதாரணமாகிவிட்டது. எந்தப் பேஜரும் தர முடியாத நன்மை அது. ஆனால் குழுவுக்கு அனுப்பிய செய்தியை எல்லோரும் பார்த்திருப்பார்கள், மற்றவர் பதில் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் இருந்துவிடுவார்கள். 2021 அக்டோபர் 4 இரவு வாட்ஸ்அப் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியபோது, மாற்று எண்களை எழுதி வைத்திருந்த துறைகள் மட்டுமே தடுமாறாமல் இருந்தன.

உங்கள் நாட்டில் வாட்ஸ்அப்பைத் தற்காலிக வழியாகக்கூட நினைக்க வேண்டாம். ஸ்காட்லாந்தின் லனார்க்‌ஷயரில் 26 ஊழியர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு ஆண்டுகளில் 500 முறைக்கு மேல் நோயாளிகளின் தகவல்களைப் பகிர்ந்ததற்காக, அந்த என்.எச்.எஸ். வாரியத்தைத் தனிநபர் தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் 2023இல் கண்டித்தது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. பொறுப்பு, ஆள் என்ற வேறுபாடு எங்கள் விவாதத்தில் எழவே இல்லை. அடுத்த கூட்டத்தில் அதை முதலில் வைக்கிறேன். ஒரே ஒரு ஐயம். இரண்டு அமைப்புகளுக்கும் பணம் தர முடியாது என்று நிதித்துறை சொல்கிறது. அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில் 1: மருத்துவமனைத் தொலைத்தொடர்புப் பொறியாளர்

இதயநிறுத்தம், விபத்து, மகப்பேறு, தீயணைப்புக் குழுக்களுக்குத் தேவையான பேஜர்களை மட்டும் கணக்கிட்டுக் கொடுங்கள்; நிதித்துறை அஞ்சும் அளவுக்குத் தொகை வராது. ஆனால் டிரான்ஸ்மிட்டரின் பராமரிப்புச் செலவு பேஜர்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து குறையாது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், பிறகு அதுவே சண்டையாகும். அதையும் நிறுத்தியே ஆக வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினால், சில மாதங்களுக்கு ஒவ்வொரு 2222 அழைப்பையும் இரண்டு வழியிலும் அனுப்பி, எது எத்தனை நொடியில் வந்தது என்று பதிவு செய்யுங்கள். அடித்தளத்திலும், லிஃப்டுக்குள்ளும், எக்ஸ்ரே அறையின் ஈயம் பதித்த சுவருக்குப் பின்னாலும் நின்று அந்தச் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். செயலி நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே அது முடிந்திருக்க வேண்டும்.