'பொதுத்தரம்' வேண்டாம், 'இணக்கநெறி' சரியா?

அன்பர்களுக்கு வணக்கம். நாம் கூட்டாக எழுதும் விண்வெளிக் கதையுலகின் சொற்பட்டியலுக்காக நம் குழுவின் ஈப்போ அண்ணன் கேட்டது இது:

> பல நாகரிகங்கள் கூடி வகுத்துக்கொள்ளும் தரத்துக்குப் 'பொதுத்தரம்' என்றே வைத்துவிடலாமா?

என் பதில்: வேண்டாம். சொல்லில் தப்பில்லை, ஆனால் அது வேறொன்றுக்குத் தேவைப்படும். 1990களில் தமிழில் மடல் எழுதியவர்களுக்குத் தெரியும். டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியீடு. எழுத்துரு மாறினால் திரை முழுக்கப் பூச்சி பூச்சியாக வரும். கடைசியில் எல்லோரும் பழையதைக் கைவிட்டு யூனிகோடுக்கு வந்து சேர்ந்தோம். அதுதான் பொதுத்தரம்.

நம் கதையுலகில் நடப்பது அது இல்லை. பட்டர்வொர்த் அக்கா எழுதும் கதைமாந்தர் மீத்தேன் கடலுக்குள் வாழ்கிறார்கள். என்னுடையவர்கள் காற்றே இல்லாத பாறைக்குள் சுரங்கம் தோண்டி இருக்கிறார்கள். இரு தரப்பும் எதையும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை. சரக்கு கைமாறும் இடத்தில் மட்டும் ஒத்துப்போனால் போதும். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தைப் பாருங்கள். கேடிஎம் ரயிலின் தண்டவாளம் 1000 மி.மீ. அகலம், எல்ஆர்டி என்ற நகர ரயிலுடையது 1435. ஒன்றின் வண்டி மற்றதில் ஓடவே ஓடாது. ஆனால் ஒரே டச் அண்ட் கோ கட்டண அட்டையைத் தட்டிவிட்டு இரண்டிலும் ஏறுகிறோம். வாசலில் மட்டும் உடன்பாடு, உள்ளே அவரவர் பாடு.

விண்வெளியிலும் இதற்கு முன்மாதிரி உண்டு: 1975இல் அமெரிக்காவின் அப்பல்லோ கலமும் சோவியத் நாட்டின் சோயுஸ் கலமும் விண்ணில் இணைந்த சந்திப்பு. அப்பல்லோவுக்குள் இருந்தது வெறும் ஆக்சிஜன், அதுவும் தரையில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில். சோயுசுக்குள் நாம் மூச்சுவிடும் அதே காற்று, அதே அழுத்தம். கதவைத் திறந்து சோயுசிலிருந்து அந்தப் பக்கம் நேராகப் போனால் ரத்தத்தில் நைட்ரஜன் குமிழ்விட்டுவிடும். அதற்காக யாரும் கலத்தையே மாற்றிக் கட்டவில்லை. நடுவில் ஓர் இணைப்பறை வைத்தார்கள். சோயுஸ் தன் அழுத்தத்தை மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இறக்கிக்கொண்டது. இணைப்பு வளையமோ இருபக்கமும் ஒரே வடிவம்: நுழையும் பக்கம், ஏற்கும் பக்கம் என்ற பேதம் கிடையாது. யார் பெரியவர் என்ற கேள்வியே எழாதபடி செய்த ஏற்பாடு அது. பேச்சிலும் அப்படித்தான், அமெரிக்கர்கள் ரஷ்ய மொழி பேசினார்கள், ரஷ்யர்கள் ஆங்கிலம் பேசினார்கள். நம் அத்தியாயங்களிலோ மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றைச் செருகிவிட்டு எல்லோரும் சுலபமாகக் கடந்துபோகிறார்கள். கதை கிடக்கும் இடமே அந்த இடைஞ்சலில்தான் என்பது என் எண்ணம்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'ஒப்புத்தரம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு 'ஒப்புக்குச் சப்பாணி'தான் நினைவுக்கு வருகிறது. 'இசைதரம்' வானொலிப் பெட்டி விளம்பரம் போல இருக்கிறது. 'செந்தரம்' பழகிய நல்ல சொல், ஆனால் இரு தரப்பு உட்கார்ந்து பேசி முடித்தது என்ற குறிப்பு அதில் இல்லை.

என் பரிந்துரை 'இணக்கநெறி'. ஒரு கருவி இன்னொன்றோடு ஒத்து இயங்குவதைக் கணினித் தமிழில் ஏற்கெனவே இணக்கம் என்கிறோம். 'இணக்கம் அறிந்து இணங்கு' என்ற ஔவை வாக்கிலும், எதிரே இருப்பவரின் இயல்பைத் தெரிந்துகொண்டு அப்புறம் சேர் என்ற பொருள் இருக்கிறது. 'நெறி' என்றதும் பள்ளி நன்னெறிக் கல்விப் பாடம் ஞாபகம் வருகிறது என்று அக்கா முகம் சுளிப்பார். 'நெறிமுறை'யைக் (protocol) கணினிக்காரர்கள் அந்த வாடை இல்லாமல்தானே பயன்படுத்துகிறார்கள்? வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "வளையம் இணக்கநெறிப்படி இல்லை, கப்பலைத் திருப்பி அனுப்பு." நாக்கில் தடுக்கவில்லை. இணக்கநெறிக் குழு, இணக்கநெறி மீறல் என்று நீட்டவும் முடிகிறது.

இன்னொன்று. நீள அலகுக்கு மீட்டர் வேண்டாம். அது பூமியை அளந்து பிறந்தது. பிற கோளில் வாழ்பவருக்கு அது ஏன் உறைக்க வேண்டும்? 1972இல் ஏவிய பயனியர் 10 விண்கலத்தில் வேற்றுலகத்தாருக்காக வைத்த தகட்டில் ஹைட்ரஜன் அணு உமிழும் 21 செ.மீ. அலைநீளத்தை அளவுகோலாக வைத்தார்கள். ஹைட்ரஜன் எல்லார் வானத்திலும் உண்டு. முதல் இணக்கநெறியாக அதையே எழுதிக்கொள்ளலாம்.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், இல்லையென்றால் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அக்கா, உங்கள் துறைமுக அத்தியாயத்தில் மீட்டர் கணக்கு நிறைய வருகிறது. அதை நீங்களே மாற்றுகிறீர்களா, நான் கை வைக்கலாமா?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து,
சுரங்கவாசிகளின் பொறுப்பாளன்