நோமிக்: திருத்திய விதிக்கு எந்த எண்?

கேள்வி: நோமிக் என்பது விதிகளை மாற்ற முன்மொழிந்து, வாக்களித்தே ஆடும் விளையாட்டு. அதை பீட்டர் சூபர் 1982-இல் உருவாக்கிய தொடக்க விதிகளில் ஆடுகிறோம். ஒரு சுற்றில் 5 புள்ளிக்கு மேல் கூடாது என்கிறது நாங்கள் சேர்த்த 304-ஆம் விதி. அதன்பின் 306-ஆம் முன்மொழிவால், பகடையில் விழும் எண்ணைப் புள்ளியாகத் தரும் 202-ஆம் விதியைத் திருத்தி, பகடையில் 6 விழுந்தால் இரட்டிப்பு என்று சேர்த்தோம். இப்போது 6 விழுந்திருக்கிறது. 12 புள்ளியா, 5 புள்ளியா? சிறிய எண்ணுக்கே முன்னுரிமை என்பதால் 202-தானே வெல்லும்?

பதில் 1: வெல்லாது. 108-ஆம் விதியை நிதானமாகப் படியுங்கள். திருத்தப்பட்ட விதி, திருத்திய முன்மொழிவின் எண்ணைப் பெறும். உங்கள் 202 இப்போது 306. ஆக, சிறிய எண்ணுக்கு முன்னுரிமை தரும் 211-ஆம் விதியின்படி 304-தான் மேலே, 5 புள்ளி. பலரும் சறுக்குவது இங்கேதான்: விதியைத் திருத்தத் திருத்த அதன் பலம் குறையும். '304-ஐ மீறி' என்று திருத்தத்திலேயே எழுதியிருந்தால் கதை வேறு.

பதில் 2: முடிவு சொல்ல வேண்டியவர் நடுவர், அதாவது ஆடுபவருக்கு முந்தைய ஆட்டக்காரர் (விதி 212). ஒருவர் வற்புறுத்தினாலே போதும், நடுவர் தீர்ப்புக்குப் போகலாம். அதை மாற்ற, அடுத்தவரின் முறை தொடங்கும் முன் மற்ற எல்லோரும் ஒருமனதாக வாக்களிக்க வேண்டும், பெரும்பான்மை செல்லாது.

பதில் 3: அதோடு விடாதீர்கள். பழைய தீர்ப்பு புதிய நடுவரைக் கட்டுப்படுத்தாது. அடுத்த 6-க்கு இதே சண்டை வரும். உங்கள் முறை வந்ததும் 304-இல் விதிவிலக்கு சேர்க்க முன்மொழியுங்கள். முன்தேதியிட்டுச் செல்லாது என்பதால் இந்தப் பகடைக்கு உதவாது.