விங்சூட்டோடு நேர்ந்தவை: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு தருணத்தை எழுதுங்கள்

மார்த்தாண்டத்துக்காரன்:

விங்சூட் என்றால் கைகளுக்கும் உடலுக்கும் நடுவிலும், இரண்டு கால்களுக்கும் நடுவிலும் துணிச்சிறகு வைத்த பறக்கும் உடை என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வளைகுடாவில் பத்து ஆண்டுகள் பாராசூட் மடிக்கும் வேலையில் இருந்தேன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து நானும் குதிக்கக் கற்றுக்கொண்டேன். 240 குதிப்புகளுக்குப் பிறகு சிறிய விங்சூட்டில் தொடங்கினேன். பொறுமையாக இருந்திருக்க வேண்டும். நாற்பதாவது விங்சூட் குதிப்பிலேயே நண்பர் ஒருவர் புதிதாக வாங்கியிருந்த பெரிய உடையை இரவல் வாங்கி அணிந்துகொண்டேன். கைச்சிறகு முழங்கால்வரை இறங்கியிருக்கும் வகை அது.

பறந்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. உடையில்லாமல் குப்புற விழுகிறவர் மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குவார். அந்த உடையில் என் இறக்கம் 70க்கும் கீழே வந்தது. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் மூன்று மீட்டர் முன்னே போனதாகக் கருவி காட்டியது.

உறுத்துவது அதற்குப் பின் வந்த நான்கு நொடிகள். பெருங்குடையை இழுத்து விரிக்கும் பைலட் குடையை எடுத்து வீசினேன்; ஒன்றும் நடக்கவில்லை. தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தபோது, அந்தச் சிறு குடை கைக்குட்டை அளவுக்குச் சுருங்கி, என் முதுகுக்கு மேலே இரண்டு முழத் தொலைவில், காலில் கயிறு கட்டிய கோழிக்குஞ்சைப் போல அங்கும் இங்கும் துள்ளிக்கொண்டிருந்தது. அகன்ற உடைக்குப் பின்னால் உண்டாகும் காற்றுச்சுழலுக்குள் அது அகப்பட்டிருந்தது. இடது தோளைச் சாய்த்தேன். சுழல் கலைந்தது, பைலட் குடை நிமிர்ந்தது, பெருங்குடை விரிந்தது.

தரைக்கு வந்து பார்த்தபோது, பைலட் குடையைப் பெருங்குடையோடு இணைக்கும் பட்டை சாதாரணக் குதிப்புக்கு வைக்கும் குட்டைப் பட்டையாகவே இருந்தது. விங்சூட்டுக்கு நீளமான பட்டையும் பெரிய பைலட் குடையும் வேண்டும் என்று எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொன்னவன் நான். புதிய உடை வந்தால் எல்லோரும் அது எவ்வளவு தூரம் போகும் என்றுதான் கேட்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் அது காற்றை என்ன செய்கிறது என்று கேட்பவரை நான் அதிகம் பார்த்ததில்லை. உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

குழித்துறைப் பெண், இப்போது வெளிநாட்டில்:

அண்ணனின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ‘மூன்று மீட்டர்’ என்ற அந்த எண்ணை மறுக்கிறேன், ஏனென்றால் அதே எண் என்னையும் ஏமாற்றியிருக்கிறது.

தலைக்கவசத்தில் பொருத்தும் ஜி.பி.எஸ். கருவியை அறிவீர்கள், சறுக்கு விகிதம், அதாவது ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னே போகிறோம் என்ற கணக்கு, கூடக்கூடக் காதில் ஒலியின் சுருதி ஏறும். புதிய உடையில் முதல் குதிப்பின்போது சுருதி ஏறிக்கொண்டே போனது. அதை இன்னும் ஏற்ற வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் கால்களை நீட்டி, தோள்களை முன்னே உருட்டி, அந்த ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கீழே பார்த்தபோது நெடுஞ்சாலை எனக்குப் பின்னால் இருந்தது. நான் இறங்க வேண்டிய திடல் அந்தச் சாலைக்கும் அப்பால் இருந்தது. யாருடைய தோட்டத்திலோ இறங்கி, குடையை அள்ளிச் சுமந்துகொண்டு இருட்டும்வரை நடந்தேன்.

அன்றைய பதிவில் விகிதம் 3.1. மறுநாள் விமானம் எதிர்த்திசையில் ஓடியது, நானும் எதிர்த்திசையில் பறந்தேன். அதே உடையில், உடலை அதே விதமாக வைத்தும் 2.2 தான் வந்தது. கருவி அளப்பது தரைக்கு மேல் கடந்த தூரத்தையே தவிர, காற்றினூடே கடந்த தூரத்தை அன்று. மணிக்கு 160 கிலோமீட்டர் முன்னே போய் 60 கிலோமீட்டர் இறங்குகிறவருக்கு, ஒரு நாள் பின்னாலிருந்தும் மறுநாள் எதிரேயிருந்தும் 27 கிலோமீட்டர் காற்று வீசினாலே இந்த வேறுபாடு வந்துவிடும். உடையைப் பாராட்டிய பலர் உண்மையில் காற்றைப் பாராட்டியிருக்கிறார்கள். போட்டிகளில் 1,000 மீட்டர் உயரத்தை இறங்கும் இடைவெளியில் நேரம், தூரம், வேகம் என மூன்றையும் தனித்தனிப் பறப்புகளில் அளப்பதும் சரியானதே. நீண்ட நேரம் மிதப்பதற்கு உடலை வைக்கும் விதம் வேகத்துக்கு உதவாது.

வடசேரி தையற்கடை:

என் கணவரோடு வெளிநாட்டில் இருந்த ஒன்பது ஆண்டுகள், பாராசூட் பழுதுபார்க்கும் கூடம் ஒன்றில் தைத்தேன். ஒருவர் ஏறத்தாழப் புதிதான உடை ஒன்றைக் கொண்டுவந்து, எப்படிப் பறந்தாலும் இடப்பக்கமே இழுக்கிறது என்றார். அவர் உடம்பைக் கோணலாக வைக்கிறார் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள்; பாவம், அவரும் அதை நம்பி மாதக்கணக்கில் தன்னைத் திருத்திக்கொள்ள முயன்றிருந்தார்.

விங்சூட்டின் சிறகு ஒற்றைத் துணியன்று. மேலும் கீழுமாக இரண்டு நைலான் அடுக்குகள், அவற்றுக்கு நடுவே விலா எலும்புகளைப் போலத் துணித் தடுப்புகள், முன்பக்கம் காற்று புகும் வாய்கள். காற்று உள்ளே நிறைந்து அழுந்தினால்தான் துணி சிறகின் வடிவத்தைப் பெறும். தடுப்புகளில் சிறு துளைகள் இருப்பதால் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் காற்று போகும். நான் தூசி உறிஞ்சும் இயந்திரத்தின் ஊதும் வாயை வலச்சிறகில் வைத்தேன்; பஞ்சடைத்த மெத்தையைப் போல வரிவரியாக எழுந்தது. இடச்சிறகில் வைத்தேன், கடைசி அறை மட்டும் துவண்டு கிடந்தது. உள்ளே விரலை விட்டுத் தடவியபோது, வெளியே வலுவுக்காக வைத்த ஒட்டுத்துணியின் தையல் உள்தடுப்பையும் சேர்த்துப் பிடித்து அந்தத் துளையை மூடியிருந்தது தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன்: ஏழு தையல். ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ஏழாவது நூல் அறுந்ததும் அந்த அறை மெல்ல எழும்பி என் உள்ளங்கையைத் தள்ளியது. அந்தத் தொடுகை இன்னும் கையில் இருக்கிறது.

பாரிஸில் 1912 பிப்ரவரி 4ஆம் நாள், தான் தைத்த பாராசூட் உடையோடு ஈபில் கோபுரத்தின் 57 மீட்டர் உயர முதல் தளத்திலிருந்து குதித்து இறந்த ஃபிரான்ட்ஸ் ரெய்ஷெல்ட் ஒரு தையற்காரர். இன்றைய விங்சூட்டுக்கு வடிவம் தந்த பாட்ரிக் டி கயார்டன் 1998 ஏப்ரலில் ஹவாயில் இறந்ததும் தம் பாராசூட் அமைப்பில் செய்த ஒரு மாற்றத்தால்தான். இந்த இரண்டு செய்திகளையும் நினைக்காமல் நான் அத்தகைய துணியில் ஊசியைக் குத்தியதில்லை.

ஆரல்வாய்மொழி மாணவன்:

மார்த்தாண்டம் அண்ணன் சொன்ன சுழலை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பறந்து அல்ல, தரையில் நின்றே.

எங்கள் கணவாயில் ஆனி மாதக் காற்று எப்படி அடிக்கும் என்பது முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்லூரிச் செயல்திட்டத்துக்காக, வைக்கோல் திணித்த ஆளுயரப் பொம்மை ஒன்றுக்குக் குடைத்துணியில் சிறகுகள் தைத்து, முதுகில் பாராசூட் மூட்டையின் அளவில் ஓர் அட்டைப்பெட்டியைக் கட்டி, இரும்புச் சட்டத்தில் குப்புறப் படுக்க வைத்தேன். உடையெங்கும் விரல் நீளச் சிவப்புக் கம்பளி நூல்களை ஒட்டினேன். காற்று எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் நூல் படுக்கும். அன்று காற்று மணிக்கு 40 கிலோமீட்டர். பறப்பின் வேகம் இதைப்போல நான்கு மடங்குக்கும் மேல் என்பதால் விசையை இதில் அளக்க முடியாது. ஓட்டம் எங்கே பிரிகிறது என்பதை ஓரளவு பார்க்கலாம்.

கைச்சிறகில் ஒட்டிய நூல்கள் எல்லாம் காலை நோக்கி ஒழுங்காகப் படுத்திருந்தன. பெட்டிக்குப் பின்னால், இடுப்புக்கு மேலே இருந்த ஒன்பது நூல்கள் மட்டும் தலையை நோக்கித் திரும்பி நின்றன. காற்று அந்த இடத்தில் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்தது. பைலட் குடையை வீசும் இடம் சரியாக அதுதான். எனக்கு உடல் சிலிர்த்துவிட்டது.

2020இல் ஆஸ்திரியாவின் பீட்டர் சால்ஸ்மன் மார்புக்கு முன்னே இரண்டு மின்விசிறிகளைக் கட்டிக்கொண்டு மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டினார். மொத்தம் 15 கிலோவாட், ஏறத்தாழ ஐந்து நிமிடம் இயங்கும் ஆற்றல். முன்பக்கத்துக்கு இவ்வளவு செய்கிறவர்கள், முதுகில் பெட்டிக்குப் பின்னுள்ள பள்ளத்தை நிரவி ஓட்டத்தைச் சீராக்கலாமே என்பதுதான் என் கேள்வி.

தக்கலை முன்னாள் படைவீரன்:

ஆக்ராவில் படையின் பாராசூட் பயிற்சி பெற்று ஐந்து குதிப்புகளை முடித்துச் சிறகுச் சின்னம் வாங்கியவன் நான். அங்கே குடை தானே விரியும். அதை இழுத்துத் திறக்கும் கயிற்றின் மறுமுனை விமானத்தில் இருக்கும். முதல் முறை என் பாராசூட்டின் வார்கள் முறுக்கிக்கொண்டு, அவை பிரியும்வரை கால்களை உதைத்துக்கொண்டு நான் சுழன்றதை இன்றும் கனவில் காண்கிறேன். என் கதை அவ்வளவுதான்.

தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். பொம்மையில் தொடங்குகிற ஆர்வம் பொம்மையோடு நிற்பதில்லை என்பதால் சொல்கிறேன். 200 குதிப்புகள் முடியாமல் விங்சூட்டைத் தொடக்கூடாது என்று அமெரிக்கப் பாராசூட் சங்கம் வைத்திருக்கும் வரம்பு காரணமில்லாமல் வந்ததன்று. விமானத்தை விட்டு வெளியேறும்போதே சிறகை விரித்தால், உடல் மேலெழுந்து விமானத்தின் வாலில் மோதக்கூடும். ஆகவே முதலில் கைகளை ஒடுக்கிக்கொள்ள வேண்டும். குடையைத் திறக்கும்போது இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் பின்னே போய் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும். ஒரு கை மட்டும் போனால் உடல் சாயும், கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இன்னொன்று, பலரும் அறியாதது: மயங்கினால், அவசரத்துக்கு வைத்திருக்கும் இரண்டாவது குடையான ரிசர்வ் குடையைத் தானே திறக்கும் கருவி, அனுபவசாலிகளுக்கான வழக்கமான அமைப்பில், நொடிக்கு 35 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் விழுந்தால்தான் வேலை செய்யும். அது மணிக்கு 126 கிலோமீட்டர். நல்ல விங்சூட்டில் பறக்கிறவர் அதைவிட மெதுவாக இறங்குவதால், கருவி அவரை ஆபத்தில் இருப்பவராகவே கருதாது. விங்சூட்டுக்கென்று தனி அமைப்புள்ள கருவிகள் பின்னரே வந்தன. எனவே உடை எவ்வளவு நன்றாக மிதக்கிறதோ அவ்வளவு உயரத்தில் இருக்கும்போதே குடையைத் திறந்துவிட வேண்டும். குழித்துறைத் தங்கை காதை ஒலியிடம் கொடுத்துவிட்டதை எழுதியிருக்கிறார். உயரமானியைப் பார்க்காமல் அதைச் செய்தது தோட்டத்தில் இறங்கியதைவிடப் பெரிய தவறு. மின்விசிறியைப் பற்றி எனக்கு மதிப்பில்லை. மோட்டார் வைத்தபின் அது உடையின் திறமையைக் காட்டாது.

குளச்சல் வள்ளம்:

படைவீரர் அண்ணாச்சி இவ்வளவு எழுதியும் கடல் என்ற சொல்லைச் சொல்லவில்லை.

வளைகுடாக் கரையில் ஒரு பறப்புக் காட்சிக்குக் காவல் படகு ஓட்டினேன். ஒருவர் காற்றில் ஒதுங்கி, கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி நீரில் விழுந்தார். பாராசூட்டை அவரே கழற்றிவிட்டார். நீந்தத் தெரிந்தவர்தான்; ஆனால் இரண்டு கால்களுக்கும் நடுவே துணி இருக்கும்போது எப்படி உதைப்பது? காற்று புகும் வாய்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து, காற்சிறகு கரைமடி வலையின் மடியைப் போலக் கனத்துவிட்டது. நாங்கள் மூன்று பேர் இழுத்தும் அவர் படகில் ஏறவில்லை. மூக்குவரை நீர் வந்து வந்து போனது. கையுறை போட்ட விரலால் தொடையில் ஜிப்பைத் தேடித்தேடி நழுவவிட்டுக்கொண்டிருந்தார். நான் படகின் ஓரத்தில் குப்புறப் படுத்து, அவர் காலோரமாகத் தண்ணீருக்குள் கையை விட்டு, கட்டைவிரல் நகம் அளவேயுள்ள அந்த ஜிப்பின் நாக்கைப் பிடித்து இழுத்தேன். நீர் குபுகுபுவென்று வெளியேறியபின்தான் அவரைத் தூக்க முடிந்தது. படகில் கிடந்து அவர் என் மணிக்கட்டைப் பிடித்தவர், கரை வரும்வரை விடவில்லை.

வடசேரி அக்கா காற்று புகுவதற்கு வாய் வைப்பதைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறார். தண்ணீர் போக யார் வழி வைத்தார்கள்?

ஆரல்வாய்மொழி மாணவன்:

படைவீரர் ஐயா, குதிக்கப் போவதாக நான் எழுதவில்லை. ஆனாலும் 35 மீட்டர் கணக்குக்கு நன்றி. நேற்று மாலை பெட்டிக்குப் பின்னுள்ள பள்ளத்தில் தெர்மோகோலை ஆப்பு வடிவில் சீவி வைத்துப் பார்த்தேன். தலையை நோக்கித் திரும்பிய நூல்கள் ஒன்பதிலிருந்து நான்காகக் குறைந்தன. அந்த நான்கும் பைலட் குடை இருக்கும் பைக்கு நேர் மேலே உள்ளவை.

மார்த்தாண்டத்துக்காரன்:

தம்பி, அந்த நான்கும் போகாதவரை பட்டையின் நீளத்தைக் குறைக்க முடியாது. குழித்துறைத் தங்கை சொன்னபின் என் பழைய பதிவை எடுத்துப் பார்த்தேன். அன்று நான் பறந்ததும் காற்று போன திசையில்தான். மூன்று என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

வடசேரி தையற்கடை:

குளச்சல் அண்ணன் கேட்டதை இரவெல்லாம் யோசித்தேன். காற்சிறகின் கீழ்மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு வலைத்துணி வைத்தால் நீர் வடியும். ஆனால் அதே வழியில் காற்றழுத்தமும் இறங்கி, சிறகு துவளும். அந்த அழுத்தம்தான் சிறகின் வடிவத்தைத் தாங்குகிறது என்பதால் அதில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஜிப்பின் நாக்கு வேறு. கையுறையோடு இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு, தொடையின் முன்பக்கமாக, பைலட் குடையின் பட்டை வந்து சிக்காத இடத்தில், தட்டையான நாடா வளையம் ஒன்றைத் தைக்கலாம். மார்த்தாண்டத்துத் தம்பி, உங்கள் சிறிய உடையைக் கொண்டுவாருங்கள்; முதலில் அதில் தைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கையுறையோடு, ஈரக்கையால் இழுத்துப் பார்ப்போம்.