வைல்ட் ஈஸ்ட்டுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

திருச்சி, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். நுண்ணுயிர்கள் பற்றிய புத்தகத்தில் ஓர் அத்தியாயம் திங்கட்கிழமைக்குள் பதிப்பாளர் கைக்குப் போக வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிற ஒருவரின் சோதனைகள் அதில் வருகின்றன. (அந்த நாட்டில் வீட்டுத் தேவைக்குக் காய்ச்ச வழிவிட்டது 1978 சட்டம்.) மால்ட் (முளைகட்டிய பார்லி) சாற்றை மூன்று கண்ணாடிச் சாடிகளில் ஊற்றி, மெல்லிய துணியால் வாயைக் கட்டி, பிளம் மரத்தடியில் ஓர் இரவு விடுகிறார். ஒன்றில் பூஞ்சணம் பூத்துவிட்டது, கொட்டிவிட்டார். மற்ற இரண்டும் வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஈஸ்ட்டால் நுரைத்தன. அந்த ஈஸ்ட்டைப் பெருக்கி, சிட்ரா, மொசைக் என்ற ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ) வகைகளைச் சேர்த்து, மாம்பழமும் எலுமிச்சையும் மணக்கிற பீர் எடுக்கிறார்.

'வைல்ட் ஈஸ்ட்' பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இப்போதைக்குக் 'காட்டு ஈஸ்ட்' என்று போட்டிருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. அவர் வீட்டுக் கொல்லையைத் தாண்டவே இல்லை.

கோவை, நுண்ணுயிரியல் பேராசிரியர் (ஓய்வு):

'காட்டு' வேண்டாம் தம்பி. 1883-இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். அதற்கப்புறம்தான் நாம் இட்டது, நுழைந்தது என்ற பிரிவு அழுத்தமாக வந்தது. இடாமல் உள்ளே வந்தது எதுவானாலும் பீர் காய்ச்சுவோருக்கு வைல்ட்தான், மரப்பீப்பாயின் இடுக்கிலேயே குடியிருந்தாலும் சரி. 'தான்தோன்றி ஈஸ்ட்' என்று வையுங்கள்.

சென்னை, அறிவியல் இதழாளர்:

ஐயா, அந்தச் சொல் பொருளைக் கெடுத்துவிடும். தான்தோன்றீசுவரர் என்றால் யாரும் நிறுவாமல் தானே தோன்றியவர். ஈஸ்ட் அப்படித் தோன்றுவதில்லை. சாற்றில் உயிர் தானாக உண்டாகாது என்று காட்டத்தான் பாஸ்டர் வளைந்த கழுத்துக் குடுவையோடு அத்தனை பாடுபட்டார். அவர் ஒழித்த பிழையை நாம் கலைச்சொல்லாக்கி மாணவர் கையில் கொடுக்கலாமா?

யாழ்ப்பாணம், விஞ்ஞான ஆசிரியை:

முதலில் ஈஸ்ட் என்பதைத் தமிழாக்குங்கள். எங்கள் பாடநூல்களில் அது மதுவம். பாண் (பிரெட்) பொங்குவதும் மதுவத்தால்தான் என்று பிள்ளைகள் சிரமமில்லாமல் சொல்வார்கள். சிலர் நொதியம் என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நீங்கள் நொதி (என்சைம்) என்பதை நாங்கள் நொதியம் என்கிறோம், எங்கள் மாணவர்கள் குழம்பிப் போவார்கள். என் பரிந்துரை 'இயல்மதுவம்'.

சென்னை, அறிவியல் இதழாளர்:

மதுவம் நல்ல சொல்தான் அம்மா. ஆனால் இங்கே பேக்கரிக்காரர் முதல் பாடநூல் வரை ஈஸ்ட். முன்னொட்டு ஒன்றைப் புதிதாகக் கேட்கிறோம், கூடவே இன்னொன்றையும் வாசகர் தலையில் ஏற்ற வேண்டாம்.

மதுரை, தமிழாசிரியர்:

நண்பர்களே, பெரும்பாணாற்றுப்படையில் கள் ஆக்கும் இடத்தைப் பாருங்கள். அரிசிக் களியை 'மலர்வாய்ப் பிழாவில் புலர ஆற்றி' (அகன்ற வாய்த் தட்டில் ஆறவிட்டு), முளை அடையைக் கலந்து, 'எல்லையும் இரவும் இருமுறை கழிப்பி' (இரண்டு பகலும் இரண்டு இரவும் விட்டு), வாய் வலுத்த சாடியில் 'வழைச்சு அற' விளைய விடுகிறார்கள். ஈஸ்ட் இட்டதாக ஒரு சொல் இல்லை. பெல்ஜியத்தின் சென் பள்ளத்தாக்கில் லாம்பிக் பீருக்கு, கொதித்த சாற்றை ஆழமில்லாத அகன்ற தொட்டியில், ஈஸ்ட் தானாக வந்து சேரட்டும் என்று இரவு முழுக்க ஆறவிடுவார்கள். குளிர்ந்த மாதங்களில் மட்டும் செய்யும் வேலை அது. அந்தத் தொட்டிக்குப் 'பிழா' என்று அப்படியே பெயர் வைக்கலாம். வழைச்சு என்றால் முதிராத தன்மை. பீர் காய்ச்சுவோர் 'பச்சை பீர்' என்று சொல்லும் முற்றாத பீருக்கு வழைச்சு பொருந்தும். விளைதல் என்ற வினையையும் விடாதீர்கள், நொதித்தலைவிட அது எவ்வளவு உயிருள்ளது! வழைச்சு, வழை, வழும்பு மூன்றும் ஒரே வேரா என்று இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திருச்சி, மொழிபெயர்ப்பாளர்:

பிழாவை எடுத்துக்கொள்கிறேன் ஐயா, நன்றி. ஆனால் கெடுவுக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது.

தூத்துக்குடி, இல்லத்தரசி:

என் அப்பா பனையேறி. பாளையைச் சீவிக் கலயம் கட்டுவார். உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் இறக்கும்போதே நுரை கட்டிக் கள்ளாகியிருக்கும். யாரும் எதையும் ஊற்றவில்லை. கலயத்திலும் பாளையிலும் இருந்தது வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். தயிருக்கு உறை ஊற்றுகிறோம், இட்லி மாவுக்கு ஊற்றுவதில்லை. நாம் இடுவது உறை. தானாக வருவது வரத்து. குளத்துக்கு நீர்வரத்து என்கிறோமே. 'உறை ஈஸ்ட்', 'வரத்து ஈஸ்ட்' என்றால் என் மகளுக்கும் புரியும்.

கோவை, பேராசிரியர்:

நல்ல இணை அம்மா. ஒரு தடை மட்டும். 1904-இல் கார்ல்ஸ்பெர்க்கின் கிளாசன் விவரித்த பிரெட்டானோமைசிஸ் என்ற ஈஸ்ட் இன்று பாக்கெட்டில் விற்கிறது. அதை வாங்கி அளந்து போட்டுவிட்டும் வைல்ட் என்றுதான் சொல்கிறார்கள். அது வரத்தா, உறையா? கூண்டில் இருந்தாலும் சிங்கம் காட்டு விலங்கு என்கிறோம். அப்படிப் பார்த்தால் 'காட்டு' என்பதை நானே அவசரப்பட்டு ஒதுக்கிவிட்டேன்.

சென்னை, அறிவியல் இதழாளர்:

வரத்து என்றால் இங்கே கோயம்பேட்டுத் தக்காளி லாரி நினைவுக்கு வரும். ஆனாலும் இருப்பதில் இதுதான் தேவலை. என் வாக்கு வரத்துக்கு.

திருச்சி, மொழிபெயர்ப்பாளர்:

வரத்துக்கு ஐந்து, காட்டுக்கு இரண்டு, இயல்மதுவத்துக்கு ஒன்று. 'வரத்து ஈஸ்ட்' என்றே அனுப்புகிறேன். சாடியில் பிடித்து வளர்த்து மறுமுறை போடும் இடத்தில் மட்டும் 'வரத்து ஈஸ்ட் உறையானது' என்று எழுதிவிட்டேன், அந்த வாக்கியம் தானாக அமைந்தது.

'ட்ரை ஹாப்பிங்' என்பதை உலர் ஹாப்பிடல் என்று எழுதியிருந்ததையும் அடித்துவிட்டேன். ஹாப்ஸைக் கொதிக்க வைத்தால் கசப்பு இறங்கும், பழமணம் ஆவியோடு போய்விடும். ரசத்தை இறக்கிவிட்டு மல்லித்தழை போடுவது போல, ஆறிய பீரில் போடுவதுதான் விஷயம். 'ஆறியபின் ஹாப்ஸ் போடுதல்' என்று விரித்தே எழுதியிருக்கிறேன்.

யாழ்ப்பாணம், விஞ்ஞான ஆசிரியை:

அனுப்பியாயிற்று என்றால் சரி. எங்கள் மாணவர்களும் வாசிக்கும் புத்தகம். முதல் தடவை வரும் இடத்திலாவது 'ஈஸ்ட் என்னும் மதுவம்' என்று எழுதுங்கள். பேராசிரியர் கேட்ட பாக்கெட் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.