மேலத்தெரு குழுவில் வீணை ஆச்சி

கடைக்கார அண்ணன் (காலை 6:50): எல்லோருக்கும் ஒரு துக்கச் செய்தி. நம் வீணை ஆச்சி இன்று விடியற்காலையில் தவறிவிட்டார்கள். வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே போனவர்கள், நெஞ்சு வலிக்கிறது என்று பட்டாலையில் உட்கார்ந்தார்களாம். 108 வருவதற்குள் முடிந்துவிட்டது.

டீச்சர் அக்கா: ஐயோ, என்ன அண்ணே சொல்கிறீர்கள்? நேற்று சாயங்காலம்கூட என் மகளுக்கு வீணையில் வர்ணம் சொல்லிக் கொடுத்தார்களே!

சிங்கப்பூர் தம்பி: கை ஓடவில்லை அண்ணே. எப்போது எடுக்கிறார்கள்?

கடைக்கார அண்ணன்: மகன் பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டான். மூன்று மணிக்கு மேல்தான். கேதம் கேட்க வெளியூரிலிருந்து நிறையப் பேர் வருவார்கள். மதியச் சாப்பாட்டை நம் தெரு பார்த்துக்கொள்ள வேண்டும். சோறு, சாம்பார் என் பொறுப்பு.

தையல்கார அக்கா: மோரும் தண்ணீர் கேனும் நான்.

டீச்சர் அக்கா: பந்தலுக்குச் சொல்லியாச்சு. நாற்காலி வந்துகொண்டிருக்கிறது.

(இரவு)

சிங்கப்பூர் தம்பி (8:40): வீடியோவில் பார்த்தேன். தெருவே நின்றது. சின்ன வயதில் ஆச்சியோடு அரியக்குடி பெருமாள் கோயிலுக்குப் போவேன். போகும்போதெல்லாம் பாடகர் ராமானுஜ ஐயங்கார் பேச்சுதான். "முதலில் வர்ணம், அப்புறம் கீர்த்தனை, ராகம் தானம் பல்லவி, கடைசியில் துக்கடா. கச்சேரிக்கு இப்படி ஒரு வரிசை போட்டுக் கொடுத்தவர் இந்த ஊர்க்காரர்டா" என்பார்கள். சொந்த அண்ணனைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருக்கும்.

பெரிய வீட்டு ஐயா: ஆச்சிக்கு அந்தப் பாட்டுப் பைத்தியம் சின்னப் பிள்ளையிலேயே உண்டு. அப்போதெல்லாம் நம் பக்கத்துக் கல்யாணம் என்றால் கச்சேரி இல்லாமல் நடக்காது. மற்றப் பிள்ளைகள் பந்திக்கு ஓடும். இது தம்புராவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் திருச்சி வானொலி பாடினால் யாரும் பேசக் கூடாது. காரைக்குடி சகோதரர்களில் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசிப்பார், தம்பி சாம்பசிவ ஐயர் கிடத்தி வாசிப்பார் என்று யாரோ சொல்லக் கேட்டு, இதுவும் நிமிர்த்தி வைத்துப் பார்த்து அவர்கள் அப்பச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது.

தையல்கார அக்கா (9:05): நான் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் ஆச்சி சொல்லக் கூடாது என்றதால் சொல்லவில்லை. என் மகன் எட்டாவது படிக்கும்போது பெஞ்சைத் தட்டிக்கொண்டே இருக்கிறான் என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அவன் அப்பா கையை ஓங்கிவிட்டார். ஆச்சி வந்து, "அவன் தட்டியதில் தாளம் தப்பவில்லையே, அதைக் கேட்டீர்களா?" என்று கேட்டார்கள். மறுவாரமே ஒரு மிருதங்கம் வீட்டுக்கு வந்தது. இவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன் என்று அழுதேன். "ஜாக்கெட் தைத்துக் கழித்துக்கொள்" என்றார்கள். சரி என்று தைத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் துணிப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே கூலி இருக்கும். கடைசிவரை கழிக்கவே விடவில்லை. மிருதங்க வித்வான் காரைக்குடி மணி ஐயா 2023 மே மாதம் மறைந்த அன்றும் என் மகனுக்குத்தான் முதலில் போன் போட்டு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டார்கள். இன்று அவன்தான் ஆச்சியைத் தூக்கினான்.

டீச்சர் அக்கா: அக்கா, படிக்கப் படிக்க அழுகை வருகிறது.

டீச்சர் அக்கா: சித்திரை வெயிலில் வீணையின் மெழுகு இளகி, அதில் பதித்த பித்தளை மெட்டு அசைந்துவிடும் என்று ஆச்சி அதை வளவிலிருந்து உள்ளறைக்குத் தூக்கிப் போவார்கள். இந்த வருடம் அப்படியும் ஒரு மெட்டு லேசாக நகர்ந்துவிட்டது. என் மகளின் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்து, மீட்டிக் காட்டி, "காந்தார சுரம் சரியாக இருக்கிறதா, உன் காது என்ன சொல்கிறது?" என்று கேட்டார்கள். பத்து வயதுப் பிள்ளையிடம்! இவள் "இறங்கியிருக்கு ஆச்சி" என்றாள். அதற்கு ஒரு தட்டு கந்தரப்பம்.

கடைக்கார அண்ணன்: ஆச்சி வாசித்த சஹானா ராகம் என் போனில் இருக்கிறது. போடட்டுமா?

பெரிய வீட்டு ஐயா: துக்க வீடு இன்னும் ஆறவில்லை. இன்றைக்கே பாட்டு வேண்டுமா அப்பா?

ஆச்சி வீட்டு மருமகள்: போடுங்கள் அண்ணே. ஐயா, அத்தைக்கு அதுதான் பிடிக்கும். எங்களுக்கும் இப்போது அவர்கள் சத்தம் கேட்க வேண்டும்.

கடைக்கார அண்ணன்: 🎵 குரல் பதிவு (4:12)

கடைக்கார அண்ணன்: நடுவில் வாசிப்பை நிறுத்திவிட்டுத் தபால்காரரை, "வெயிலில் நிற்காதீர்கள், உள்ளே வந்து மோர் குடியுங்கள்" என்று கூப்பிடுவதும் பதிவாகியிருக்கிறது.

பெரிய வீட்டு ஐயா: கேட்டேன். போட்டது நல்லது.

டீச்சர் அக்கா: இந்த நேரத்தில் கேட்பது தப்பு என்றால் மன்னித்துவிடுங்கள். என் மகள் "என் வர்ணம் பாதியில் நிற்கிறதே" என்று கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள்.

ஆச்சி வீட்டு மருமகள்: தப்பே இல்லை அக்கா. வீணை இந்த வீட்டில்தான் இருக்கும், யாருக்கும் கொடுக்கப் போவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். காரியம் முடியட்டும், பிள்ளைகள் எப்போதும்போல வரட்டும். சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

பெரிய வீட்டு ஐயா: தேவகோட்டையில் எனக்குத் தெரிந்த வீணை டீச்சர் ஒருவர் இருக்கிறார். நாளைக்கே பேசுகிறேன். ஃபீஸ் பற்றிப் பிள்ளைகள் காதில் விழ வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

தையல்கார அக்கா: அதில் என் பங்கும் உண்டு ஐயா. வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.