உதவி தேவை: வலது கிளிக் செய்தால் கணினி உறைந்துவிடுகிறது

வெண்புறா:
அனைவருக்கும் வணக்கம். நேற்றிலிருந்து வலது கிளிக் செய்தால் போதும், கணினி அப்படியே நின்றுவிடுகிறது. நீல வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெகுநேரம் கழித்துத்தான் மெனு வருகிறது. வைரஸ் சோதனை செய்து பார்த்துவிட்டேன், ஒன்றும் இல்லை. பலமுறை ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை. நாளை மறுநாள் ஓர் அறிக்கையை ஒப்படைக்க வேண்டும். காசு கொடுத்து மென்பொருள் வாங்க இயலாது. இதைச் சரிசெய்யும் இலவசக் கருவி எதுவானாலும் சொல்லுங்கள்.

தேன்சிட்டு:
விண்டோஸ் 10-ஆ, 11-ஆ? எங்கே கிளிக் செய்யும்போது இப்படி ஆகிறது: டெஸ்க்டாப்பின் வெற்றிடத்திலா, கோப்பின் மீதா, ஃபோல்டரின் மீதா? எத்தனை விநாடி ஆகிறது? நேற்றோ முந்தாநாளோ புதிதாக ஏதாவது நிறுவினீர்களா, நீக்கினீர்களா? இவை தெரிந்தால்தான் எந்தக் கருவி என்று சொல்ல முடியும்.

பழுதுநோக்கி:
கேள்வி கேட்பதற்கு முன் அடிப்படைச் சோதனைகளைச் செய்துவிட்டு வர வேண்டும் என்று இங்கே எத்தனையோ முறை எழுதிவிட்டேன். புதியவர்கள் எவரும் பழைய இழைகளைப் படிப்பதில்லை. இது வன்வட்டு சாகப்போவதன் அறிகுறி. வட்டின் நலத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து, பழுதான பகுதிகளை எண்ணும் 05, சி5, சி6 ஆகிய வரிசைகளைப் பாருங்கள். அவற்றின் மூல மதிப்பு பூஜ்ஜியமாக இல்லாவிட்டால், வேறு எதையும் தொடாமல் முதலில் உங்கள் கோப்புகளை வேறு வட்டுக்கு நகலெடுத்துவிடுங்கள்.

நாற்சந்தி:
எனக்கும் ஒருமுறை இதே தொல்லை வந்தது. விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்யும் கிளீனர் ஒன்றை ஓடவிட்டேன். நானூற்றுக்கும் மேற்பட்ட பிழைகளைக் காட்டியது. எல்லாவற்றையும் நீக்கியதும் சரியாகிவிட்டது. ஐந்து நிமிட வேலைதான், நண்பரே.

கணிமேகம்:
துண்டிக்கப்பட்ட நெட்வொர்க் டிரைவ் ஏதேனும் உங்கள் கணினியில் இருக்கிறதா? 'திஸ் பிசி'யில் சிவப்புப் பெருக்கல் குறியோடு ஓர் எழுத்து நிற்கிறதா என்று பாருங்கள். இல்லாத சர்வரைத் தேடி விண்டோஸ் காத்திருந்தாலும் இதே போன்ற தாமதம் வரும். நான் பார்த்த கணினிகள் பலவற்றில் காரணம் அதுவாகத்தான் இருந்தது.

தேன்சிட்டு:
நாற்சந்தி அவர்களுக்கு: தயவுசெய்து ரெஜிஸ்ட்ரி கிளீனரைப் பரிந்துரைக்காதீர்கள். இத்தகைய கருவிகளைத் தான் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. அது காட்டும் நானூறு 'பிழை'களில் பெரும்பாலானவை, கோப்பு போன பிறகும் பெயர் மட்டும் எஞ்சியிருக்கும் பதிவுகள்தான். கோப்பே இல்லையென்றால், டெஸ்க்டாப்பையும் ஃபோல்டர்களையும் காட்டும் எக்ஸ்புளோரர் தேடிப் பார்த்துவிட்டுக் கணப்பொழுதில் அடுத்ததற்குப் போய்விடும். அரை நிமிடம் உறைய வைப்பது, வட்டில் உயிரோடு இருக்கும் ஒரு டிஎல்எல் (மென்பொருளின் துணை நிரல்) கோப்பு எதற்காகவோ காத்திருப்பதால்தான். கோப்பு இருப்பதால் கிளீனர் அதைச் சரியானது என்றே எண்ணித் தொடாமல் விட்டுவிடும்.

நாற்சந்தி:
எனக்குச் சரியானது என்பது உண்மைதானே? நான் பொய் சொல்லவில்லை.

தேன்சிட்டு:
நீங்கள் பொய் சொன்னதாக நான் எழுதவில்லை, ஐயா. நானூறு பதிவுகளை ஒரே மூச்சில் நீக்கியதால், அவற்றுள் எது குற்றவாளி என்று உங்களுக்கும் தெரியாமல் போயிற்று. சரியாகாமல் வேறொன்று கெட்டிருந்தால், எதைத் திரும்ப வைப்பது என்றும் தெரிந்திருக்காது. என் அச்சமெல்லாம் அதுதான், குறிப்பாக இரண்டு நாளில் அறிக்கை ஒப்படைக்க வேண்டிய ஒருவரின் கணினியில்.

வெண்புறா:
மன்னிக்கவும், இப்போதுதான் பார்க்கிறேன். விண்டோஸ் 11. கோப்பு, ஃபோல்டர் இரண்டின் மீதும் ஏறத்தாழ நாற்பது விநாடி ஆகிறது. வெற்றிடத்தில் கிளிக் செய்தால் உடனே வருகிறது. நெட்வொர்க் டிரைவ் எதுவும் இல்லை. என்னுடையது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வட்டு), கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ 97 விழுக்காடு நலம் என்று நீல நிறத்தில் காட்டுகிறது. பழுதுநோக்கி ஐயா சொன்ன சி5, சி6 அதில் இல்லவே இல்லை. முந்தாநாள், விண்டோஸ் 10-இல் இருந்ததுபோன்ற முழு மெனுவைத் திரும்பக் கொண்டுவரும் இலவசக் கருவி ஒன்றை நிறுவினேன். அது தோற்றத்தை மாற்றுவது மட்டும்தானே என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். அதையே நீக்கிவிடட்டுமா?

தேன்சிட்டு:
நீக்கினால் தாமதம் மறைந்துவிடும். ஆனால் காரணம் உள்ளேயே இருக்கும். அந்தக் கருவியின் மீது குற்றம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விண்டோஸ் 11-இன் சிறிய மெனுவில், பழைய பாணி மென்பொருள்கள் சேர்க்கும் வரிகள் 'மேலும் விருப்பங்களைக் காட்டு' என்பதை அழுத்திய பிறகே வரும். நீங்கள் அதை அதிகம் அழுத்தியிருக்க மாட்டீர்கள். என்றோ நீக்கிய ஏதோ ஒரு மென்பொருளின் டிஎல்எல் உள்ளே உறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. முழு மெனு வந்ததும் ஒவ்வொரு கிளிக்கிலும் அது எழுப்பப்படுகிறது. மெனுவில் வரிகளைச் சேர்க்கும் இத்தகைய நீட்சிகள் எக்ஸ்புளோரருக்கு உள்ளேயே ஓடுவதால், ஒன்று காத்திருந்தால் எல்லாமே காத்திருக்கும். வெற்றிடத்தில் தாமதம் இல்லை என்று நீங்கள் சொன்னது மிகவும் உதவியாக இருந்தது: வெற்றிடத்துக்கான நீட்சிகளை விண்டோஸ் தனிப் பட்டியலில் வைத்திருப்பதால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

நிர்சாஃப்ட் தளத்திலிருந்து, இந்த நீட்சிகளைப் பட்டியலிடும் ஷெல்எக்ஸ்வியூ என்ற இலவசக் கருவியின் 64-பிட் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். நிறுவத் தேவையில்லை, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் போதும். 'வகை' என்ற தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்தினால், கான்டெக்ஸ்ட் மெனு (வலது கிளிக் மெனு) நீட்சிகள் ஒன்றாகத் திரண்டு நிற்கும். அவற்றுள் இளஞ்சிவப்பு நிறத்தில் தெரிபவை மைக்ரோசாஃப்ட் அல்லாதவை. முதலில் அவை எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஃப்7 அழுத்தி முடக்குங்கள். டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்புளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். தாமதம் போய்விட்டால், பாதியை மட்டும் எஃப்8 அழுத்தி மீண்டும் இயக்குங்கள். தாமதம் திரும்பினால் குற்றவாளி அந்தப் பாதியில் இருக்கிறது; திரும்பாவிட்டால் மறுபாதியில். இருபது நீட்சிகள் இருந்தாலும் ஐந்து முறைக்கு மேல் ஆகாது. எதையும் அழிக்காதீர்கள், முடக்குவது மட்டும் போதும்.

பழுதுநோக்கி:
எஸ்எஸ்டி என்று முதலிலேயே எழுதியிருந்தால் நான் வேறு சொல்லியிருப்பேன். எப்படியும் இதற்கு, கணினியில் தானாக ஓடுபவற்றைப் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ்தான் முறையான கருவி. மார்க் ருசினோவிச் உருவாக்கியது. 2006-இல் அவருடைய சிஸின்டர்னல்ஸ் தளத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியதிலிருந்து அவர்களே வெளியிடுகிறார்கள். அதை விட்டுத் தனியாள் ஒருவர் எழுதிய கருவியைப் பரிந்துரைப்பது எனக்கு உடன்பாடில்லை.

கணிமேகம்:
ஆட்டோரன்ஸ் சிறந்த கருவி என்பதில் ஐயமில்லை, ஐயா. தொடக்கத்தில் தானாக ஓடுபவற்றைப் பார்க்க நானும் அதைத்தான் திறக்கிறேன். ஆனால் அதில் மஞ்சள் நிறத்தில் தெரிபவை கோப்பு தொலைந்த பதிவுகள். புதிதாகப் பார்ப்பவர் மஞ்சளைக் கண்டதும் அதுவே குற்றவாளி என்று நினைத்துவிடுவார். மேலே தேன்சிட்டு சொன்னபடி, இங்கே தேட வேண்டியது தொலைந்த கோப்பை அல்ல.

நாற்சந்தி:
பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடும் முறையை நான் அறியவில்லை. கிளீனரை ஓட்டுமுன், கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட் வைத்துக்கொண்டால் ஆபத்தில்லை என்பது இப்போதும் என் கருத்து. ஆனாலும் இந்த முறையை முதலில் செய்து பார்ப்பதே நல்லது என்று ஒப்புக்கொள்கிறேன்.

வெண்புறா:
கிடைத்துவிட்டது. இளஞ்சிவப்பில் பதினேழு வரிகள் இருந்தன. நான்காவது முறையில் பிடிபட்டது. சென்ற ஆண்டு நான் நீக்கிய ஒரு காப்புநகல் மென்பொருளின் டிஎல்எல். முடக்கியதும் மெனு உடனே வருகிறது, முழு மெனுவும் அப்படியே இருக்கிறது. அனைவருக்கும் மிக்க நன்றி. அறிக்கை வேலைக்குப் போகிறேன்.

தேன்சிட்டு:
மகிழ்ச்சி. நீக்கப்பட்ட தன் பின்னணிச் சேவையை அது ஒவ்வொரு கிளிக்கிலும் கேட்டுக் காத்திருந்திருக்க வேண்டும். நேரம் கிடைக்கும்போது அந்த டிஎல்எல் எந்த ஃபோல்டரில் இருந்தது என்று எழுதுங்கள். அதே ஃபோல்டரில் வேறு கோப்புகளும் எஞ்சியிருக்கின்றனவா என்று பார்த்துவிடலாம்.

கணிமேகம்:
எனக்கும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெண்புறா, இருக்கிறீர்களா?