குழந்தையின் கட்டைவிரல் மடங்கியே நிற்கிறது: ஆபரேஷனா, பொறுக்கலாமா?

கேள்வி (பாப்பா_அம்மா):
மகளுக்கு இரண்டரை வயது. வலது கட்டைவிரலின் நுனி மூட்டு மடங்கியே இருக்கிறது, நிமிர்த்தினாலும் வரவில்லை. விரலின் அடியில், உள்ளங்கைப் பக்கம், கொத்தமல்லி விதை அளவில் ஒரு கட்டி. வலி என்று சொல்வதில்லை. சுளுக்கு எடுக்கிறவரிடம் காட்டச் சொல்கிறார் மாமியார். எலும்பு டாக்டரோ, "ட்ரிக்கர் தம்ப், சின்ன ஆபரேஷன், அடுத்த வாரமே செய்துவிடலாம்" என்கிறார். இத்தனை சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்தா? தள்ளிப்போட்டால் விரல் கெட்டுவிடுமா?

பதில் (கைமருத்துவம்):
அம்மா, சுளுக்கு எடுக்கிறவரிடம் மட்டும் போகாதீர்கள். இது சுளுக்கே இல்லை. விரலை மடக்கும் தசைநாண் அடிப்பகுதியில் ஒரு குறுகிய வளையத்துக்குள் நுழைகிறது. அந்த நாண் தடித்த இடம்தான் உங்கள் கைக்குத் தட்டுப்படும் கட்டி. அது வளையத்துக்குள் போக முடியாமல் வாசலிலேயே நின்றுவிடுவதால் விரல் நிமிர்வதில்லை. எண்ணெய் போட்டு வலுவாக இழுத்தால் நாண் இன்னும் வீங்கும்.

அடுத்த வாரமே செய்ய வேண்டிய அவசரம் இதில் கிடையாது. கணிசமான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிறது, ஆனால் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். மூன்று வயது தாண்டும்வரை பார்க்கலாம் என்பது என் கருத்து. அதன் பிறகும் பூட்டிக்கொண்டே இருந்தால், பள்ளிக்கூடத்தில் பென்சில் பிடிக்கும் வயதுக்குள் முடித்துவிடுங்கள். பெரியவர்களுக்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தைகளுக்கு வழக்கமில்லை.

ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். மடங்கியிருப்பது நுனி மூட்டு மட்டும்தானா? கட்டைவிரல் அடி மூட்டிலேயே மடங்கி உள்ளங்கைக்குள் கிடந்தால் அது வேறு கோளாறு. மற்ற விரல்கள் சிக்கினாலும் வைத்தியம் வேறு.

பதில் (மயக்கவியல்_ராஜா):
மயக்க மருந்தைப் பற்றிய பயம் புரிகிறது. 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது, மூன்று வயதுக்குள் 3 மணி நேரத்துக்கு மேல் நீளும் மயக்கத்தையும் திரும்பத் திரும்பக் கொடுப்பதையும் பற்றித்தான். இது ஒரே தடவை, கால் மணி நேர வேலை. குழந்தை அசையாமல் இருக்க வேண்டுமென்பதால் முழு மயக்கம்தான் கொடுப்பார்கள். காரணம், தொடு உணர்வு தரும் நரம்பு அந்த வளையத்தை ஒட்டியே, தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அதனால் குழந்தைகளின் கையில் பழகிய சர்ஜனாகப் பாருங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது.

கேஸ் தள்ளிப்போவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். ஒன்று, சளி, காய்ச்சல். மற்றொன்று, அழுகிறதே என்று கொடுத்த ஒரு வாய் பால். சாப்பாடும் பசும்பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும், தாய்ப்பால் 4, வெறும் தண்ணீர் 2. வயிற்றில் பால் இருந்தால் மயக்கத்தில் நுரையீரலுக்குள் போய்விடும். யாருக்கும் தெரியாமல் பாட்டி ஊட்டியிருந்தால்கூட மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இன்னொரு கையிலும் பூட்டியிருந்தால் ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பதில் (விரல்_பிசியோ):
காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல, அக்கா. மாதம் ஒருமுறை, ஒரே கோணத்தில், பக்கவாட்டில் போட்டோ எடுங்கள். கூடவே குறித்து வையுங்கள்: தானே நிமிர்கிறதா, 'சொடுக்' என்று நிமிர்கிறதா, பூட்டியே இருக்கிறதா. பூட்டியது சொடுக்க ஆரம்பித்தால் நல்ல அறிகுறி. குளிக்க வைக்கும்போது மெதுவாக, வலிக்காத அளவுக்கு 10 தடவை நீட்டிவிடலாம். நுனி நிமிராததை ஈடுகட்ட அடி மூட்டு பின்பக்கமாக வளைய ஆரம்பித்தாலோ, தொட்டாலே அழுதாலோ, மேலும் காத்திருக்க வேண்டாம்.

பாப்பா_அம்மா:
ரொம்ப நன்றி. ஆபரேஷன் ஆகிவிட்டால் கட்டு எத்தனை நாள்?

விரல்_பிசியோ:
பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரம். அதுவரை நனையக்கூடாது. தானே கரையும் தையல்தானா என்று முன்பே கேளுங்கள், பிரிக்கும் அழுகை மிச்சம். கட்டுக்கு மேல் சாக்ஸ் மாட்டி, முழங்கைவரை இழுத்துவிட்டால் பிய்க்க மாட்டாள். விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே கொண்டுபோங்கள். கட்டுப் பிரித்த பின் தனிப் பயிற்சி பெரும்பாலும் தேவைப்படாது. சப்பாத்தி மாவைப் பிசையக் கொடுங்கள், போதும்.